நாய்க்கு அமினோ அமில டிரிப்: எந்த வழியில் ஏற்றினால் எவ்வளவு தாங்கும்?

பல நாட்களாகச் சாப்பிடாமல், குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு டிரிப் போடுகிறோம். 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஒரு லிட்டர் ஏறினால் உள்ளே போவது 170 கிலோகலோரிதான். 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 660 கிலோகலோரி வேண்டும். அந்த பாட்டிலில் புரதம் துளியும் கிடையாது. அதனால் உடம்பு தன் தசையைக் கரைத்துப் பிழைக்கிறது. முதுகெலும்பின் இரு பக்கமும் கையால் தடவினால் சில நாட்களிலேயே அது தெரிந்துவிடும். இந்த நிலையில்தான், புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களின் கரைசல் தேவைப்படுகிறது. உடனே இரண்டு கேள்விகள் வரும்: எவ்வளவு ஏற்றலாம், எந்த வழியாக ஏற்றலாம்?

இந்த இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. ஏற்றும் வழியைச் சொல்லாமல் "நாய் இவ்வளவு தாங்கும்" என்று ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. தாங்கும் திறன் மூன்று இடங்களில் உடையலாம். ஒன்று, கரைசல் நுழையும் ரத்தக்குழாயின் சுவர். இரண்டு, வேகமாக ஏறும்போது குமட்டலைத் தூண்டும் மூளைப் பகுதி. மூன்று, வந்த நைட்ரஜனை யூரியாவாக்கி வெளியேற்ற வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும். இவற்றில் எது முதலில் கைவிடும் என்பதைப் பெரும்பாலும் வழியும் வேகமும்தான் முடிவு செய்கின்றன.

இந்த வழிகாட்டி கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், சிறு கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கும், தங்கள் நாய்க்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்பும் வீட்டுக்காரர்களுக்கும் எழுதியது. வீட்டிலேயே செய்து பார்க்கும் வேலை இல்லை இது. பம்ப், ரத்தப் பரிசோதனை, இரவிலும் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவை இருக்கும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டியது.

முதல் படி: குடல் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

குடல் கொஞ்சமாவது வேலை செய்தால் முதல் தேர்வு குடல்தான். மூக்கு வழியாகவோ கழுத்தில் உணவுக்குழாய் வழியாகவோ ஒரு டியூப் போட்டு உணவு கொடுப்பதைச் செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் பார்க்காதீர்கள். அமினோ அமிலத்தை நாய் எப்படித் தாங்கும் என்பதையே அது மாற்றிவிடும். காரணத்தைச் சொல்ல ஒரு பழைய பரிசோதனைக்குப் போக வேண்டும்.

1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் எக் என்ற ராணுவ அறுவை மருத்துவர் நாய்களின் போர்ட்டல் சிரையை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரை), இதயத்துக்குப் போகும் கீழ்ப் பெருஞ்சிரையோடு இணைத்தார். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போனது. பின்னர் பாவ்லோவும் நென்ஸ்கியும் அவர்கள் சகாக்களும் அதே அறுவையை நாய்களில் செய்து பார்த்தார்கள். 1893-ல் வெளிவந்த அவர்கள் ஆய்வில் அந்த நாய்கள் இறைச்சி சாப்பிட்டால் தள்ளாடின, வலிப்பு வந்தது, சில நினைவிழந்தன. அதை இறைச்சி நஞ்சேற்றம் என்றே அழைத்தார்கள். குடலிலிருந்து வருவதைக் கல்லீரல் முதலில் கையாளும்வரை ஒரு நாய் சுலபமாகச் சமாளிக்கும் இறைச்சி, அந்த வரிசை கலைந்ததும் நஞ்சாகிவிடுகிறது.

நல்ல உடல்நலமுள்ள நாயில் என்ன நடக்கிறது என்பதை 1968-ல் எல்வின் என்ற ஆய்வாளரின் குழு மயக்கம் கொடுக்காத நாய்களில் அளந்தது. இறைச்சி சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து வந்த அமினோ அமிலத்தில் பாதிக்கும் மேல் கல்லீரலில் யூரியாவாக மாறியது. ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே அமினோ அமிலமாகவே பொது ரத்த ஓட்டத்துக்குப் போனது. அதாவது சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் திடீரென அமினோ அமிலம் ஏறாமல் கல்லீரல் முன்வாசலிலேயே வாங்கிக்கொள்கிறது. லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் அது அதிகம் தொடுவதில்லை. அவை தசைக்குப் போய்ச் சேர்கின்றன.

சிரை வழியாக ஏற்றும்போது இந்த முன்வாசல் இல்லை. கரைசல் முதலில் இதயம், நுரையீரல், அங்கிருந்து மூளை, தசை, சிறுநீரகம் என்று எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போகிறது. கல்லீரலுக்குக் கிடைப்பது இதயம் பம்ப் செய்யும் ரத்தத்தில் சுமார் கால் பங்கோடு வருவது மட்டும். மிச்சம் சுற்றிச் சுற்றி வந்துதான் கல்லீரலைச் சேரும். அதே கிராம் அளவை அதே நேரத்தில் கொடுத்தாலும் தமனி ரத்தத்தில் அளவு அதிகம் ஏறும். சிறுநீரில் வழிந்தும் போகும்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் விழித்திருக்கும் நாய்களை வைத்து நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. 2008-ல் வந்த ஓர் ஆய்வில் கல்லீரலை எட்டும் அமினோ அமிலத்தின் மொத்த அளவை இரண்டு குழுக்களிலும் ஒன்றாக வைத்தார்கள். ஒரு குழுவுக்குப் போர்ட்டல் சிரை வழியாக, இன்னொன்றுக்கு வெளிச்சிரை (கால் சிரை போன்றது) வழியாக ஏற்றினார்கள். போர்ட்டல் வழியில் கல்லீரலின் புரத உற்பத்தி அதிகமாக இருந்தது. அளவு ஒன்றுதான் என்றாலும் எந்த வாசல் வழியாக வந்தது என்பதைக் கல்லீரல் கண்டுகொள்கிறது என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்காக நோயாளி நாயின் போர்ட்டல் சிரையில் யாரும் கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்) போடுவதில்லை, போடவும் வேண்டாம். அந்தச் சிரைக்கு இயற்கை வைத்திருக்கும் வழி குடல். அதனால்தான் டியூப் உணவை முதலில் வைக்கிறோம். நிற்காத வாந்தி, குடல் அடைப்பு, குடலே உறிஞ்சாத நிலை, மயக்கத்தில் கிடக்கும்போது உணவு நுரையீரலுக்குள் போய்விடும் பயம் ஆகியவை இருந்தால் சிரைக்கு வாருங்கள். அப்போதும் குடலுக்கு மணிக்குச் சில மில்லி போக முடிந்தால் போகட்டும். குடல் செல்களுக்கு அது தீனி.

இரண்டாம் படி: காலா, கழுத்தா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னங்கால் சிரையில் ஏற்றினாலும் கழுத்துச் சிரையில் ஏற்றினாலும் கல்லீரலுக்கு இரண்டும் ஒன்றுதான். சில நொடிகளில் எல்லாம் இதயத்தில் கலந்துவிடுகிறது. கழுத்தில் போட்டால் நாய்க்கு அமினோ அமிலம் நன்றாகச் செரிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலுக்கும் கழுத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க முழுக்கச் சிரையின் சுவரைப் பற்றியது.

நாயின் ரத்தத்தின் ஆஸ்மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டரில் எவ்வளவு துகள் கரைந்திருக்கிறது என்ற அளவு, லிட்டருக்குச் சுமார் 300 மில்லிஆஸ்மோல். 10% அமினோ அமிலக் கரைசல் சுமார் 1000. 50% டெக்ஸ்ட்ரோஸ் சுமார் 2520. இவ்வளவு அடர்த்தியானது முன்னங்காலின் மெல்லிய சிரையில் சொட்டினால், அங்கே ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் கலப்பதற்கு முன்பே சுவரின் உள்படலத்தைத் தொட்டுச் சுருக்குகிறது. அடுத்த நாள் அந்தச் சிரை கயிறு போலத் தடிப்பாகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, நாய் அந்தக் காலை விடாமல் நக்குகிறது. பெருஞ்சிரைக்குள் நுனி இருக்கும் கதீட்டரில் அதே சொட்டு விழுந்த கணமே பெரிய ஓட்டத்தில் கரைந்துவிடும்.

இதை நாயிலேயே நிரூபித்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள். அங்கே ஹாரி வார்ஸ் குழு 1949-லேயே நாய்களுக்குத் தொடர்ந்து சிரை வழியாக உணவு ஏற்றும் முறையை எழுதியிருந்தது. அதே இடத்தில் ஸ்டான்லி டட்ரிக் 1960-களில் பீகிள் குட்டிகளின் கழுத்துச் சிரை வழியாக மேல் பெருஞ்சிரைக்கு ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோனார். குழாயின் மறுமுனை தோலுக்கு அடியில் ஓடி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முதுகில் வெளியே வந்தது. குட்டி ஓடியாடலாம், ஆனால் கடிக்க முடியாது. 6 குட்டிகள் 72 நாள் முதல் 256 நாள் வரை வாயில் எதுவும் சாப்பிடாமல் சிரை உணவிலேயே வளர்ந்தன. வாயால் சாப்பிட்ட உடன்பிறப்புகளுக்கு ஈடாகவே வளர்ந்தன. 1968-ல் இது வெளிவந்தது. இன்று குடல் இழந்த குழந்தைகள் உயிரோடிருப்பதற்குப் பின்னால் அந்த ஆறு குட்டிகள் இருக்கின்றன.

முடிவெடுக்கும் விதி சுலபம். கலவையின் ஆஸ்மோலாரிட்டி 700-க்குக் கீழே இருந்தால் கால் சிரை போதும். சிலர் 850 வரை போகிறார்கள். நான் 700-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன், அதுவும் சின்ன நாயில். அதற்கு மேல் போனால் கழுத்துச் சிரை, அல்லது பின்னங்காலில் நுழைத்துப் பெருஞ்சிரை வரை தள்ளும் நீளக் கதீட்டர். ரத்தம் உறையாத நோய் இருந்தால் கழுத்தில் குத்துவது ஆபத்து. அப்போது நீளக் கதீட்டரோ, நீர்த்த கலவையைக் காலில் ஏற்றுவதோதான் வழி.

எந்தச் சிரையானாலும் அந்தக் கதீட்டர் இந்த உணவுக்கு மட்டும்தான். அதில் ரத்தம் எடுக்கக் கூடாது, ஆன்டிபயாடிக் தள்ளக் கூடாது. வேறு மருந்துக்கு வேறு கதீட்டர்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

20 கிலோ நாயையே வைத்துக்கொள்வோம். ஓய்வுநிலைத் தேவைக்கான சூத்திரம்: எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்குவது. 20-க்கு அது 662 கிலோகலோரி வரும். கால்குலேட்டரில் அடுக்கு போட வராவிட்டால் எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 670 வரும், நடுத்தர நாய்களுக்கு இது போதும். நோய்க்கு ஏற்ப இதை ஒன்றரை, இரண்டு மடங்காக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிகம் ஏற்றினால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக் கெடுதல்தான் வருகிறது.

புரதம்: ஒவ்வொரு 100 கிலோகலோரிக்கும் 4 கிராம். கல்லீரலோ சிறுநீரகமோ பழுதென்றால் 2 முதல் 3. வயிற்றிலோ மார்பிலோ நீராகப் புரதம் கொட்டிக்கொண்டிருந்தால் 5, 6 வரை. நம் நாய்க்கு 4 என்றால் 26.5 கிராம். 10% கரைசலில் அது 265 மில்லி. அதிலிருந்து 106 கிலோகலோரி கிடைக்கும்.

மீதி 556-ஐக் கொழுப்புக்கும் டெக்ஸ்ட்ரோஸுக்கும் பாதிப் பாதி பிரித்தால் ஆளுக்கு 278. 20% கொழுப்புக் குழம்பு மில்லிக்கு 2 கிலோகலோரி, ஆக 139 மில்லி. அது கிலோவுக்கு 1.4 கிராம் கொழுப்பு. நாளைக்கு 2 கிராம் என்ற வரம்புக்குள் இருக்கிறது. 50% டெக்ஸ்ட்ரோஸ் மில்லிக்கு 1.7, ஆக 164 மில்லி. வேகம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.8 மில்லிகிராம், 4-ஐத் தாண்டினால் சர்க்கரை ஏறத் தொடங்கும்.

இப்போது மொத்தம் 568 மில்லி. மில்லிஆஸ்மோலைக் கூட்டுங்கள்: அமினோ அமிலம் 265, கொழுப்பு சுமார் 37, டெக்ஸ்ட்ரோஸ் 413. மொத்தம் 715. லிட்டருக்கு மாற்றினால் 1260. கழுத்துச் சிரை இல்லாமல் முடியாது.

அந்த மூன்று எண்களை இன்னொரு முறை பாருங்கள். பாதிக்கு மேல் சுமை டெக்ஸ்ட்ரோஸிலிருந்து வருகிறது, அமினோ அமிலத்திலிருந்து அல்ல. இது தெரிந்தால் வழி மாறுகிறது. அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் அப்படியே வைத்து, 50% டெக்ஸ்ட்ரோஸை எடுத்துவிட்டு 5% டெக்ஸ்ட்ரோஸ் 300 மில்லி சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 704 மில்லி, ஆஸ்மோலாரிட்டி சுமார் 540. இது கால் சிரையிலேயே போகும். கிடைப்பது 435 கிலோகலோரி, அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. புரதமோ முழுசாக 26.5 கிராம்.

அதனால் "காலில் போட்டால் புரதம் கொடுக்க முடியாது" என்பது சரியில்லை. காலில் போட்டால் கலோரியைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் சாப்பிடத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்கும் நாய்க்கு அது தாராளம். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்த நாய்க்குப் போதாது, கழுத்துக்குப் போங்கள். ஒன்று மட்டும்: கொழுப்புதான் இங்கே கணக்கைக் காப்பாற்றுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே கொழுப்பு அதிகமுள்ள நாய்க்கு, உதாரணமாகப் பால் போன்ற சீரத்தோடு வரும் மினியேச்சர் ஷ்னாசருக்கு, இந்தக் கலவை ஒத்துவராது.

3% அமினோ அமிலத்தோடு 3% கிளிசரால் சேர்த்து ஆயத்தமாக வரும் கரைசலும் சில நாடுகளில் உண்டு. ஆஸ்மோலாரிட்டி 735. என் வரம்பை ஒரு நூல் தாண்டினாலும் நாயின் கால் சிரைகளில் பல காலமாகப் பயன்பட்டு வருகிறது. கலக்கும் வேலை இல்லை, ஆனால் கலோரி குறைவு.

நான்காம் படி: வேகம்

சுவர் தப்பித்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து உடைவது வேகத்தில்.

1945-ல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மேடன், விப்பிள் குழுவினர் நாய்களுக்கு அமினோ அமிலக் கலவைகளையும் செரிக்கவைத்த கேசீனையும் (பாலில் உள்ள புரதம்) சிரையில் ஏற்றி எவ்வளவு தாங்குகின்றன என்று பார்த்தார்கள். வேகமாக ஏற்றினால் வாந்தி. எது காரணம் என்று தேடியபோது குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தில் போய் நின்றது. அது இல்லாத கலவையை நாய்கள் நன்றாகத் தாங்கின.

இதே குளூட்டமிக் அமிலம் இறைச்சியிலும் பாலிலும் ஏராளம். நாய் அதைத் தினமும் கிராம் கணக்கில் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறது. குடல் செல்கள் அதில் பெரும்பகுதியைத் தங்கள் எரிபொருளாக அங்கேயே எரித்துவிடுகின்றன. ரத்தத்துக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். வழி மாறினால் தாங்கும் திறன் எப்படி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்றைய கரைசல்களில் சிலவற்றில் குளூட்டமிக் அமிலம் இல்லை, சிலவற்றில் உண்டு. லேபிளைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

நம் 20 கிலோ நாய்க்கு 26.5 கிராமை 24 மணி நேரத்தில் பரப்பினால் கிலோவுக்கு மணிக்கு 0.055 கிராம். இது மிக மிருதுவான வேகம், பெரும்பாலான நாய்களுக்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் இதிலும் பாதிதான். பல நாள் பட்டினி கிடந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முழு அளவு.

சொட்டு எண்ணி ஏற்றாதீர்கள், பம்ப் வேண்டும். நாய் காலை மடக்கிப் படுத்தால் சொட்டு நின்றுவிடும், நீட்டினால் கொட்டும். நின்றுபோன இரண்டு மணி நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டுவது வேண்டாம். விட்டது விட்டதுதான்.

நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது, விழுங்கி விழுங்கி எச்சில் ஒழுகுகிறது என்றால் வாந்திக்கு முன் வரும் அறிகுறி அது. வேகத்தைப் பாதியாக்குங்கள். நோயால் வரும் வாந்தியா, டிரிப்பால் வரும் வாந்தியா என்று பிரித்துச் சொல்ல வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது மாதிரி நல்ல பரிசோதனை இல்லை.

ஐந்தாம் படி: கலப்பதும் தொங்கவிடுவதும்

முதலில் அமினோ அமிலமும் டெக்ஸ்ட்ரோஸும் கலக்க வேண்டும், கொழுப்பு கடைசியில். அமிலத்தன்மை உள்ள டெக்ஸ்ட்ரோஸில் கொழுப்பை நேராக ஊற்றினால் குழம்பு பிரிந்து எண்ணெய் திரளும். மேலே மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தால் அந்தப் பையைக் கொட்டிவிடுங்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் படிகம் விழும். கொழுப்பின் வெள்ளையில் அது கண்ணுக்கும் தெரியாது. அதனால் குழாயில் 1.2 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள். பி வைட்டமின் சேர்த்திருந்தால் பையை வெளிச்சத்திலிருந்து மூடிவையுங்கள். ஒரு பை 24 மணி நேரம், அப்புறம் பையும் குழாயும் இரண்டும் புதுசு.

நாயைச் சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போகும்போது குழாயைக் கழற்றி மூடி வைப்பது எல்லா வார்டிலும் நடக்கிறது. இதற்கு மட்டும் செய்யாதீர்கள். சர்க்கரையும் அமினோ அமிலமும் கொழுப்பும் உள்ள இந்தக் கலவை கிருமிக்கும் நல்ல விருந்து. ஒவ்வொரு கழற்றலும் ஒரு வாய்ப்பு. பையும் பம்பும் நாயோடு வெளியே போகட்டும். ஒருவர் நாயைப் பிடிக்க, ஒருவர் பையைத் தூக்கிப் பிடிக்க.

ஆறாம் படி: எதைப் பார்ப்பது

முதல் நாள் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தச் சர்க்கரை. தினமும் பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம்; பட்டினி கிடந்த நாய்க்கு உணவு போனதும் இவை செல்லுக்குள் ஓடி ரத்தத்தில் விழும், அது உயிரையே எடுக்கலாம். நாளுக்கு இரண்டு முறை கட்டைப் பிரித்துக் கதீட்டர் இடத்தைப் பார்ப்பது. காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால் முதல் சந்தேகம் கதீட்டர் மேல். ரத்தத்தைச் சிறு குழாயில் சுழற்றிப் பார்த்து மேல்நீர் வெள்ளையாக இருந்தால் கொழுப்பைக் குறைக்க வேண்டும்.

அமினோ அமிலத்தைப் பொறுத்தவரை பேசும் எண் யூரியா. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவு) அப்படியே இருக்க யூரியா மட்டும் நாளுக்கு நாள் ஏறினால், கொடுக்கும் அமினோ அமிலம் உடம்பு கட்டப் போகாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கலோரி போதாததால் இருக்கலாம், கொடுப்பதே அதிகமாக இருக்கலாம். குடலில் ரத்தக் கசிவு இருந்தாலும் இப்படி ஏறும். மலம் கறுப்பா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். யூரியா, கிரியேட்டினின் இரண்டும் ஏறினால் சிறுநீரகத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

நாய் சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது, கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கிறது, தள்ளாடுகிறது என்றால் உடனே அமினோ அமிலத்தை நிறுத்தி அம்மோனியா பாருங்கள். அதோடு ரத்தச் சர்க்கரையையும். நிறுத்தும்போது டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் தொடரட்டும். அம்மோனியா ஏற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் குறைவும் ஒரு காரணமாகலாம். அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் யூரியா சுழற்சி ஓட நாய்க்கு வெளியிலிருந்து ஆர்ஜினின் வேண்டும். ஆர்ஜினின் இல்லாத அமினோ அமிலக் கலவையைச் சாப்பிட்ட நாய்கள் அம்மோனியா ஏறி வாந்தி எடுத்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சந்தையில் உள்ள கரைசல்களில் பெரும்பாலானவை மனிதர்களுக்காகச் செய்தவை. சிறப்புத் தேவைக்காகச் சில அமினோ அமிலங்களை மட்டும் வைத்துச் செய்த கரைசல் கையில் கிடைத்தால் நாய்க்கு வேண்டாம். பொதுவான முழுக் கரைசலே சரி.

மூன்று தனி நாய்கள்

முதலாவது, பிறவியிலேயே போர்ட்டல் சிரையில் குறுக்குவழி உள்ள நாய். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சின்ன இனங்களில் அதிகம். எக் 1877-ல் கத்தியால் செய்ததை இவற்றுக்கு இயற்கையே செய்திருக்கிறது. இந்த நாய்க்குக் குடல் வழியின் நன்மை பாதிக்கும் மேல் போய்விடுகிறது, ஏனென்றால் அந்த ரத்தமும் கல்லீரலைத் தாண்டிப் போகிறது. குடலில் கிருமிகள் உண்டாக்கும் அம்மோனியாவும் அதே வழியில் ஓடும். 100 கிலோகலோரிக்கு 2 கிராமில் தொடங்கி, அம்மோனியாவைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, சிறுநீரகம் பழுதான நாய். எந்தச் சிரையில் போட்டாலும் யூரியா சேரும், வழியால் லாபம் இல்லை. புரதத்தைக் குறையுங்கள், மொத்த நீர் அளவையும் கவனியுங்கள். கால் சிரைக்காக நீர்க்கச் செய்த கலவை இங்கே தண்ணீர்ச் சுமையாகிவிடலாம்.

மூன்றாவது நாய்க்குக் கணக்கு தலைகீழ். வயதான நாய், உள்ளங்கால்கள் வெடித்துப் பொருக்குத் தட்டியிருக்கும், நடக்க வலிக்கும், அல்ட்ராசவுண்டில் கல்லீரல் தேன்கூடு மாதிரித் தெரியும். கல்லீரல், தோல் இரண்டையும் சேர்த்துத் தாக்கும் இந்த நோயில் ரத்தத்தில் அமினோ அமிலங்கள் மிக மோசமாகக் குறைந்திருக்கும். பல நாய்களில் லைசின் போன்றவை சிறுநீரில் வீணாகின்றன. இதற்கு அமினோ அமிலம் உணவு மட்டுமல்ல, மருந்தே அதுதான். வழக்கமாக 10% கரைசல் கிலோவுக்கு 25 மில்லி, 8 மணி நேரத்தில். 20 கிலோ நாய்க்கு 500 மில்லி, மணிக்கு 62 மில்லி. கிலோவுக்கு மணிக்கு 0.31 கிராம் என்றால் முன்பு சொன்ன சாதாரண வேகத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

இங்கே வழி பற்றிய எல்லா எச்சரிக்கையும் ஒன்றாக வருகிறது. நீர்க்காத கரைசல், அதனால் கழுத்துச் சிரை கட்டாயம். வேகம் அதிகம், அதனால் வாந்தியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்தால் 12 மணி நேரத்துக்கு நீட்டிவிடலாம். கல்லீரல் ஏற்கெனவே நோயில், அதனால் ஏற்றும் முன்பே அம்மோனியா பார்த்திருக்க வேண்டும். நரம்புக் கோளாறு அறிகுறி இருந்தால் தொடங்கவே கூடாது. தேவைக்கேற்ப வாரம் ஒரு முறையோ சில வாரங்களுக்கு ஒரு முறையோ திரும்ப ஏற்றுகிறார்கள். நடுவில் உள்ள நாட்களில் முட்டை மஞ்சள் கரு உள்பட நல்ல புரத உணவு வாய் வழியாகவே போகிறது. பல நாய்களில் பாதப் புண்கள் ஆறுவதைப் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: புண் ஆறினாலும் அடியில் உள்ள கல்லீரல் நோய் பெரும்பாலும் போய்விடாது.

நிறுத்துவது எப்படி

நாய் தானாகவோ டியூப் வழியாகவோ தேவையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு, அது வாந்தியில்லாமல் தங்கவும் செய்தால் டிரிப்பைக் குறைக்கத் தொடங்கலாம். கழுத்தில் அடர் டெக்ஸ்ட்ரோஸோடு போனதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. இன்சுலின் ஏறிய நிலையிலேயே இருக்க, சர்க்கரை வரத்து நின்று, நாய் தளர்ந்து விழும். வேகத்தைப் பாதியாக்கி 6 முதல் 12 மணி நேரம் விட்டு, சர்க்கரையைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பம்ப் பழுதாகியோ குழாயை நாய் கடித்தோ திடீரென நின்றுவிட்டால், வேறொரு கதீட்டரில் 5% டெக்ஸ்ட்ரோஸ் உடனே தொடங்குங்கள். கால் சிரையில் நீர்த்த கலவை போய்க்கொண்டிருந்தால் இந்தப் பயம் குறைவு, நேராகவே நிறுத்தலாம்.

கழுத்துக் கதீட்டரை எடுத்த பிறகு சில நிமிடங்கள் நன்றாக அழுத்திப் பிடித்து, மெல்லிய கட்டுப் போடுங்கள். அதற்கு முன் காய்ச்சல் இருந்திருந்தால் கதீட்டரின் நுனியைக் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டும்.